எம்.எஸ். உள்ளவர்களின் சிறுநீர்த் தொல்லை: அவசரத்தை அடக்கும் முன் மிச்சத்தை அளந்து பாருங்கள்

அடக்க முடியாத அவசரம், கழிப்பறை வாசலில் வைத்தே கசிந்துவிடுவது, இரவில் நாலு தடவை எழுவது, உட்கார்ந்த பிறகும் வராமல் தவிப்பது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறையைச் சேதப்படுத்தும் நோயான மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றில் ஒன்றையாவது அனுபவிக்கிறார்கள். காலில் மரத்துப்போனதை டாக்டரிடம் உடனே சொல்பவர்கள்கூட இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரைக் குறைத்து, வெளியே போவதையும் குறைத்து, தாங்களாகவே சமாளிக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கஷ்டம் தேவையே இல்லை. எம்.எஸ். தரும் தொல்லைகளில் நன்றாகக் கட்டுக்குள் கொண்டுவரக்கூடியது இது. ஆனால் வேலையைச் சரியான இடத்தில் தொடங்க வேண்டும். அவசரத்துக்கு மாத்திரை கேட்பதற்கு முன், சிறுநீர் கழித்து முடித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரே அவசரம், இரண்டு எதிரெதிர் காரணங்கள்

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. அதன் வாயில் ஒரு சுருக்குத் தசை. நிரம்பும்போது பை தளர்ந்திருக்கும், வாய் இறுகியிருக்கும். கழிக்கும்போது பை சுருங்கும், வாய் திறக்கும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து நடக்கப் பார்த்துக்கொள்ளும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. பையை நேரடியாக இயக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்து கிளம்புகின்றன. இடையில் செய்தி போய்வருவது தண்டுவடம் நெடுக. எம்.எஸ். தழும்பு இந்தப் பாதையில் எங்கே விழுந்தாலும் செய்தி தடுமாறும். கால் விறைப்பும் சிறுநீர்த் தொல்லையும் பலருக்குச் சேர்ந்தே வருவதற்கு இதுதான் காரணம்.

தடுமாற்றம் மூன்று விதமாக வரும். முதலாவது, அடங்காத பை: 100, 150 மில்லி சேர்ந்ததுமே சொல்லாமல் சுருங்க ஆரம்பித்துவிடும். இரண்டாவது, சோர்ந்த பை: நிரம்பினாலும் முழு வேகத்தில் சுருங்காது, பாதி உள்ளேயே நின்றுவிடும். மூன்றாவது, முரண்டு பிடிக்கும் வாய்: பை சுருங்கும் அதே நேரத்தில் சுருக்குத் தசையும் இறுகிக்கொள்ளும். விட்டு விட்டு வரும், நடுவில் நின்றுபோகும், முக்கினால் கொஞ்சம் வரும். எம்.எஸ்ஸில் ஒருவருக்கே இரண்டு விதம் சேர்ந்திருப்பது சர்வ சாதாரணம்.

சிக்கல் எங்கே என்றால், மிச்சம் நிற்பவருக்கும் அவசரம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பையின் கொள்ளளவு 400 மில்லி, கழித்த பிறகு 300 மில்லி உள்ளேயே நிற்கிறது. இன்னும் 100 மில்லி சேர்ந்தால் பை மறுபடியும் நிறைந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கொரு தடவை ஓட வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அடங்காத பை மாதிரியே தோன்றும். இவருக்குப் பையைத் தளர்த்தும் மாத்திரையைக் கொடுத்தால், ஏற்கெனவே சோர்ந்த பை இன்னும் சோர்ந்து, மிச்சம் இன்னும் ஏறும். அதன் பின்னால் நோய்த்தொற்று வரும், சில சமயம் முழு அடைப்பும் வரும். மாத்திரை சாப்பிட்டும் முன்னைவிட மோசம் என்று சொல்பவர்களில் பலரின் கதை இதுதான்.

முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

அளவுக் கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை, ஒரு நோட்டு, பேனா. இவ்வளவுதான் தேவை. தொடர்ந்து மூன்று நாள், இரவு உட்பட, ஒவ்வொரு முறையும் குவளையில் கழித்து அளவைக் குறியுங்கள். நாட்கள் வழக்கமானவையாக இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே இருந்தால் கணக்கு பொய் சொல்லும். என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எப்போது என்பதையும் எழுதுங்கள். கசிந்ததா, உள்ளாடை ஈரமா, துணி மாற்ற வேண்டியதாயிற்றா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதும் வேண்டும்.

ஒரு காலைப்பொழுது இப்படி இருக்கலாம்:

6.30: 180 மில்லி, தொடங்கவே நேரமானது.
7.40: 90 மில்லி, அவசரம்.
8.05: காபி 200 மில்லி.
8.50: 110 மில்லி, பூட்டைத் திறக்கும்போதே கசிந்தது.
9.30: 70 மில்லி, முடிந்த மாதிரியே இல்லை.

நடுத்தர வயதில் பகலில் ஏழெட்டுத் தடவைக்குள், தடவைக்கு 250 முதல் 400 மில்லி என்பது வழக்கமான அளவு. மேலே உள்ளதில் எல்லாமே சின்னச் சின்ன அளவு. அதோடு ‘தொடங்கவே நேரமானது’, ‘முடிந்த மாதிரியே இல்லை’ என்ற இரண்டு குறிப்புகளும் மிச்சம் நிற்பதைச் சந்தேகிக்க வைக்கின்றன. மாறாக, அளவு சின்னதாக இருந்தாலும் வேகமாக வந்து முழுதாக முடிந்த உணர்வு இருந்தால் அடங்காத பையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த உணர்வை மட்டும் நம்ப முடியாது. எம்.எஸ். உணர்வு நரம்புகளையும் கெடுப்பதால், 250 மில்லி உள்ளே நிற்பதே தெரியாதவர்கள் உண்டு. அதனால்தான் அடுத்த படி கட்டாயம்.

மிச்சத்தை அளப்பது

அடிவயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். வலி இல்லை, இரண்டு நிமிட வேலை. ஆனால் செய்யும் விதம் சரியில்லாவிட்டால் எண் தப்பாக வரும்.

ஸ்கேனுக்காக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து, வெடிக்கும் நிலையில் காத்திருந்து, பிறகு கழித்தால் மிச்சம் அதிகமாகத்தான் தெரியும். அளவுக்கு மீறி விரிந்த பை யாருக்கும் சரியாகச் சுருங்காது. வழக்கமாகக் குடிப்பதைக் குடித்து, வழக்கமான உந்துதல் வந்ததும் போங்கள். கழித்து முடித்த பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். வரிசையில் அரை மணி நேரம் காத்திருந்தால் சிறுநீரகம் புதிதாக நிரப்பிவிடும். கதவுக்கு வெளியே ஆட்கள் நிற்கும் கூச்சத்தில் அரைகுறையாக முடித்திருந்தால் அதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அதிகம் என்று வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதிசெய்வது நல்லது.

எம்.எஸ். சிகிச்சையில் பரவலாக வைத்துக்கொள்ளும் எல்லைக்கோடு 100 மில்லி. அதற்குக் கீழே என்றால் அவசரத்தை நேரடியாகக் கவனிக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் பையைக் காலி செய்யும் வழியைப் பார்க்க வேண்டும். அதே நாளில் யூரின் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். நோய்த்தொற்று மட்டுமே எல்லாத் தொல்லைக்கும் காரணமாக இருக்கலாம். யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தப் பரிசோதனை எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே தேவையில்லை. சிகிச்சைக்குக் கட்டுப்படாதபோதும், அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும்போதும், சிறுநீரகத்தில் பாதிப்புத் தெரிந்தாலும் தேவைப்படும்.

மிச்சம் குறைவு, அவசரம் அதிகம் என்றால்

அவசரம் ஓர் அலை மாதிரி வரும், உச்சிக்கு ஏறும், இறங்கும். பெரும்பாலோர் உச்சியில் இருக்கும்போது ஓடுகிறார்கள். ஓடும்போதுதான் கசிகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. அவசரம் வந்த இடத்திலேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். காற்று பிரியாமல் அடக்குவதுபோல இடுப்படித் தசையைச் சட்டென்று இறுக்கி விடுங்கள். இப்படி ஐந்தாறு தடவை. இந்த இறுக்கம் நரம்பு வழியாகப் பைக்கு ‘இப்போது இல்லை’ என்று செய்தி அனுப்புகிறது. வயிற்றையோ தொடையையோ இறுக்க வேண்டாம், மூச்சையும் பிடிக்க வேண்டாம். அலை இறங்கியதும், ஓடாமல், நடந்து போங்கள்.

இது பழகிய பிறகு இடைவெளியை நீட்டலாம். இப்போது ஒரு மணி நேரத்துக்கொரு தடவை என்றால், ஒரு வாரம் ஒண்ணேகால் மணி நேரம் தாக்குப்பிடியுங்கள். பிறகு இன்னொரு 15 நிமிடம். மூன்று மணி நேரம் எட்டினால் போதும். மிச்சம் அதிகம் நிற்பவர்கள் இதைச் செய்யவே கூடாது.

இடுப்படித் தசைப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு முறையாவது சரிபார்ப்பது நல்லது. பாதிப் பேர் தவறான தசையைத்தான் இறுக்குகிறார்கள். இலக்கு: 10 விநாடி பிடித்து 10 விநாடி விடுவது, 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆரம்பத்தில் 3 விநாடிதான் முடிகிறது என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். களைப்பு எம்.எஸ்ஸின் கூடப்பிறந்தது. அதனால் உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்வதைப் பழக்கமாக்க வேண்டாம். ஏற்கெனவே குழம்பியிருக்கும் ஒத்திசைவை அது இன்னும் குழப்பும்.

மாத்திரைகளில் சோலிஃபெனாசின் 5 முதல் 10 மில்லிகிராம், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை ஒரே குடும்பம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். வயதானவர்களுக்கும், ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கும் மனக்குழப்பம் தரக்கூடும், குறிப்பாக ஆக்ஸிபியூட்டினின். கண் அழுத்த நோயில் குறுகிய கோண வகை இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். மிராபெக்ரான் 25 முதல் 50 மில்லிகிராம் வேறு வழியில் வேலை செய்வது. வாயையும் குடலையும் அவ்வளவாக உலர்த்தாது, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எதுவானாலும் நாலு வாரம் பொறுத்துப் பார்த்து முடிவெடுங்கள். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் மிச்சத்தை மறுபடியும் ஸ்கேனில் பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போகும் படி இதுதான்.

மாத்திரை கைகொடுக்காதபோது, சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்க்குழாய் வழியாக உள்ளே விடும் கேமராக் குழாய்) வழியாகப் பையின் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். நரம்புக் கோளாறால் வரும் அடங்காத பைக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு 200 யூனிட். பலன் ஏறத்தாழ 6 முதல் 9 மாதம் நிற்கும். நல்ல பலன் தரும் சிகிச்சை. ஆனால் பையை அது அவ்வளவு தளர்த்துவதால் சிலர் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டுக் காலி செய்ய வேண்டிவரும். ஊசிக்கு முன்னாலேயே கதீட்டர் போடப் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம். கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் உண்டு: வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம்.

மிச்சம் அதிகம் என்றால்

எளிய வழி, இரண்டு தவணையாகக் கழிப்பது. முதல் தடவை முடிந்ததும் எழுந்து நின்று, இடுப்பை அசைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முயலுங்கள். பாதம் தரையில் பதிய வேண்டும், இருக்கைக்கு மேல் அந்தரத்தில் நிற்கக் கூடாது. அடிவயிற்றைக் கையால் அழுத்துவதும் பலமாக முக்குவதும் வேண்டாம். வாய் இறுகியிருக்கும்போது அழுத்தினால் அந்த அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆண்களுக்கு டாம்சுலோசின் வாயைக் கொஞ்சம் தளர்த்தலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், அதனால் இரவில் போடுவது நல்லது. மூக்கடைப்பு மாத்திரை, நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை மிச்சத்தைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை போதாதபோது வருவதுதான் கதீட்டர். பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். இது எப்போதும் உள்ளேயே தொங்கும் குழாய் அல்ல. போட்டு, காலி செய்து, எடுத்துவிடுவது. கிருமி நீக்கிய அறையெல்லாம் வேண்டாம், சுத்தமான கை போதும் என்று அமெரிக்க யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் டாக்டர்) ஜாக் லாபிடெஸ் 1972-ல் காட்டிய பிறகுதான் இது வீட்டு வேலையாக மாறியது. முதல் இரண்டு மூன்று தடவை நர்ஸ் கூட இருந்து கற்றுத்தர வேண்டும். பிறகு ஐந்து நிமிட வேலை.

1. முதலில் தானாக வருவதைக் கழித்துவிடுங்கள். அளவைக் குறியுங்கள்.
2. சோப்பால் கை கழுவுங்கள். சிறுநீர்த் துளையைச் சுற்றி, முன்னும் பின்னுமாகத் துடைக்காமல், முன்பக்கமிருந்து பின்பக்கமாக ஒரே வீச்சில் துடையுங்கள்.
3. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 சைஸ் சரியாக இருக்கும். ஆண்களுக்கு ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், பெண்களுக்குக் குட்டையானது. தானாக வழுக்கும் பூச்சு உள்ளதைத் தண்ணீரில் 30 விநாடி நனைக்க வேண்டும். பூச்சு இல்லாததுக்குத் தண்ணீரில் கரையும் ஜெல். எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி கூடாது.
4. பெண்கள்: தொடைக்கு நடுவில் கண்ணாடி வைத்துப் பழகுங்கள். சிறுநீர்த் துளை பிறப்புறுப்பு வாயிலுக்குச் சற்று மேலே. தவறிப்போய்ப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதை எடுக்காமல் அடையாளத்துக்கு அப்படியே விட்டு, வேறு புதிய கதீட்டரை மேலே போடுங்கள். வர ஆரம்பித்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே.
5. ஆண்கள்: உறுப்பை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் வளைவு நேராகும். உள்ளே ஓரிடத்தில் தடுக்கும். அங்கே தள்ளாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, லேசாக இருமி, தசை தளர்ந்ததும் தள்ளுங்கள். முடிந்ததும் பின்னால் தள்ளிய முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும்.
6. ஓட்டம் நின்றதும் ஒரேயடியாக உருவாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மறுபடி வந்தால் நிறுத்திக் காத்திருங்கள்.

தானாகவும் ஓரளவு போகிறவர்களுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு முறை போதும். அதில் ஒன்று படுக்கப் போகும் முன். தானாகப் போகவே இல்லை என்றால் 4 முதல் 6 முறை. ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். தொடை விறைத்துச் சேர்ந்துகொள்ளும் பிரச்சினை உள்ளவர்கள் விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கதீட்டர் போடுவது சுலபம். கை நடுக்கம், பார்வைக் குறைவு, விரலில் உணர்வு இல்லாமை ஆகியவற்றால் முடியவே இல்லை என்றால் வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம். அதுவும் சரிவராவிட்டால் அடிவயிறு வழியாகப் போடும் நிரந்தரக் கதீட்டர், சிறுநீர்க்குழாய் வழியாகப் போடுவதைவிட நெடுங்காலத்துக்கு நல்லது.

தண்ணீர், குடல், இரவு

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டும். அவசரம் கூடும், குறையாது. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பகலில் பரவலாக. காபி, டீ, கோலா, மது ஆகியவற்றைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும், அதனால் படிப்படியாக. மலம் கெட்டிப்பட்டுக் குடலில் தேங்கினால் அது பையின் மேல் அழுத்தும். மலச்சிக்கலைச் சரிசெய்ததிலேயே பாதித் தொல்லை தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரவில் அடிக்கடி எழுபவர்கள் சாயங்காலம் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது காலில் இறங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். மாலையில் ஒரு மணி நேரம் காலை இதய மட்டத்துக்கு உயர்த்தி வைத்தால் அந்த நீர் தூங்கும் முன்னாலேயே போய்விடும். படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் குடிப்பதை நிறுத்துங்கள். டெஸ்மோபிரெசின் என்ற மருந்து சில மணி நேரத்துக்குச் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும். 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் கூடாது. அதைப் போட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். வயதானவர்களுக்கு இது உகந்ததல்ல.

நடை தளர்ந்தவருக்குப் படுக்கையருகே ஒரு கமோடோ பாட்டிலோ வைப்பது மருந்துக்குச் சமம். பொத்தான், கொக்கி உள்ள உடைக்குப் பதில் எலாஸ்டிக். மாதவிடாய் நாப்கினைச் சிறுநீருக்குப் பயன்படுத்த வேண்டாம். அது வேகமாக வரும் நீரை உறிஞ்சாது, ஈரம் தோலில் நின்று புண்ணாகும். ஆண்கள், மிச்சம் குறைவு என்று உறுதியானால், உறைபோல மாட்டும் கதீட்டர் பயன்படுத்தலாம். சுற்றளவு அளந்து வாங்குங்கள், தினமும் மாற்றுங்கள்.

தொற்று வந்தால், எம்.எஸ். முற்றியது போலத் தோன்றும்

காய்ச்சலில் உடம்புச் சூடு ஏறினால் சேதமான நரம்புகளில் செய்தி இன்னும் மந்தமாகும். நேற்றுவரை நடந்தவர் இன்று எழ முடியாமல் போகலாம். இதைப் புதிய தாக்குதல் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று வளரும். அதனால் நரம்பு நோய் திடீரென்று மோசமானால் ஸ்டீராய்டுக்கு முன் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

எரிச்சல் இல்லாமலும் தொற்று வரலாம். திடீரென்று கூடிய அவசரம், புதிய கசிவு, கால் விறைப்பு அதிகமாவது ஆகியவைதான் அறிகுறிகளாக இருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) மாதிரி கொடுங்கள். மறுபக்கம், கதீட்டர் போடுகிறவர்களின் சிறுநீரில் கிருமிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். அறிகுறி ஏதும் இல்லாமல் ரிப்போர்ட்டில் கிருமி தெரிந்தது என்பதற்காகவோ, கலங்கலாக, வாடையாக இருக்கிறது என்பதற்காகவோ மட்டும் ஆன்டிபயாடிக் எடுத்தால், உண்மையான தொற்று வரும் நாளில் அந்த மருந்து கேட்காது. அடிக்கடி தொற்று வந்தால் மிச்சத்தையும் கல்லையும் ஸ்கேனில் தேடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

அடிவயிறு உப்பி வலித்து, ஆறேழு மணி நேரமாக ஒரு சொட்டும் வராவிட்டால், கதீட்டர் போடத் தெரிந்தவர் போட்டுப் பாருங்கள். தெரியாதவரும் போட முடியாதவரும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டும். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், யூராலஜிஸ்ட் பார்க்கட்டும். கதீட்டர் பழகும் நாட்களில் ஒரு சொட்டு இளஞ்சிவப்பு வருவது சகஜம், தொடர்ந்து வருவது சகஜமல்ல. பிறப்புறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் புதிதாக மரத்துப்போய், அதோடு சிறுநீரும் அடைத்தால், எம்.எஸ்தானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதுகெலும்பு வட்டு நழுவி நரம்பை அழுத்துவதும் இப்படித்தான் தொடங்கும், அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.